கேட்டதற்கு மட்டும் பதில்

உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் பகுப்பாய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், உணவின் அசல், போலி பற்றியும் அதில் சேரும் நஞ்சுகள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும், திரியில் தோய்த்தால் எரிய வேண்டும், காகிதத்தில் ஊறக்கூடாது. தேனுக்குச் சொல்லப்படும் இந்த மூன்று சோதனையிலும் என் தேன் தேறிவிட்டது. ஆனால் இப்போது பாட்டிலின் அடியில் சர்க்கரை மாதிரி உறைந்து நிற்கிறது. நான் எதை நம்புவது?
— தேன் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் வாசகி

பதில்: மூன்று சோதனையையும் மறந்துவிடுங்கள் அம்மா. மூன்றும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்வி: “இது கெட்டியாக இருக்கிறதா?” கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு மூன்றிலும் முதல் வகுப்பில் தேறும். ஈரப்பதம் கொஞ்சம் கூடிய நல்ல தேன் தோற்றுப்போகும்.

உறைந்ததற்காகத் தேனைச் சந்தேகப்படவும் வேண்டாம். தேனில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் உண்டு. ஃப்ரக்டோஸ் அளவுக்குக் குளுக்கோஸ் தண்ணீரில் கரையாது. அது மெல்ல வெளியே வந்து படிகமாகிறது, அவ்வளவுதான். குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் சில வாரத்திலேயே உறையும். ஃப்ரக்டோஸ் தூக்கலான தேன் நாள் கணக்கின்றி இளகியே இருக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் சரியாகிவிடும்.

ஆய்வகத்தில் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். எனக்கு மிகப் பிடித்த சோதனைகளில் ஒன்று என்பதால் கொஞ்சம் நீளும்.

செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதத்தில் இரண்டு பெரிய கட்சிகள் உண்டு. பெரும்பாலான பூச்செடிகளும் மரங்களும் சி3 கட்சி. கரும்பும் மக்காச்சோளமும் சி4 கட்சி. காற்றிலுள்ள கார்பனில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் கார்பன்-13 என்ற கனமான வகை (ஐசோடோப்) இருக்கிறது. சி3 செடிகள் அந்தக் கனமானதை அதிகம் ஒதுக்கும். சி4 செடிகள் அவ்வளவாக ஒதுக்காது. ஒரு சர்வதேச அளவுகோலோடு ஒப்பிட்டு இதை எண்ணாகச் சொல்வோம். தேன் பொதுவாக மைனஸ் 25-ஐ ஒட்டி வரும்; கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரை மைனஸ் 11 சுற்றி வரும். சர்க்கரையாக இரண்டும் ஒன்றேதான். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, சாதாரண வேதிவினைக்கும் தெரியாது. அணுவின் எடையில்தான் பிறப்பு தெரிகிறது.

இதில் ஒரு சிக்கல். மைனஸ் 26 காட்டும் தேனில் ஐந்தில் ஒரு பங்கு மக்காச்சோளப் பாகைக் கலந்தால் எண் மைனஸ் 23 ஆகும். ஆனால் இயல்பாகவே மைனஸ் 23 காட்டும் நல்ல தேனும் உலகத்தில் உண்டே! யாரைக் குற்றம் சொல்வது? இதற்கு ஒரு அருமையான வழி கண்டுபிடித்தார்கள். தேனுக்குள் துளியூண்டு புரதம் இருக்கிறது. பாகு கலப்பவர் சர்க்கரையைத்தான் கலக்கிறார், அந்தப் புரதத்தைக் கலப்பதில்லை. ஆகவே அந்தத் தேன் பிறந்தபோது எந்த எண்ணில் இருந்தது என்பதற்கு அதன் புரதமே சாட்சி. சோடியம் டங்ஸ்டேட்டும் நீர்த்த கந்தக அமிலமும் விட்டுச் சூடாக்கினால் புரதம் பால் திரிவது போலத் திரண்டு வரும். அதைக் கழுவி, காயவைத்து, தனியாக எரித்து அளப்போம். தேனின் எண்ணும் அதன் புரதத்தின் எண்ணும் ஒன்றுக்கு மேல் விலகினால் கலப்படம் என்று முடிவு. கணக்குப் போட்டால் சுமார் 7 சதவீதக் கலப்புக்கு மேல் இதில் தப்பாது.

முதல் முறை இதைச் செய்துவிட்டு, “இந்தத் தேன் சுத்தம்” என்று எழுதிக்கொண்டு எங்கள் தலைமை ஆய்வாளரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நீ கேட்டது என்ன?” என்றார். விழித்தேன். “கரும்பும் மக்காச்சோளமும் இருக்கிறதா என்று கேட்டாய். இல்லை என்று பதில் வந்தது. அதை மட்டும் எழுது” என்றார். அரிசியும் பீட்ரூட்டும் சி3 கட்சி. அந்தப் பாகுகளைக் கலந்தால் இந்தச் சோதனை கைகட்டி நிற்கும். உலகச் சந்தையில் கலப்படக்காரர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இதனால்தான். அதற்கு இப்போது அணுக்களைக் காந்தப்புலத்தில் வைத்துப் படிக்கும் என்எம்ஆர் கருவியில் தேனின் முழுக் கைரேகையையும் எடுத்து, அசல் என்று தெரிந்த ஆயிரக்கணக்கான தேன்களின் கைரேகையோடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஆயிரத்தில் உங்கள் பகுதித் தேன் இல்லாவிட்டால்? நல்ல தேனே அந்நியனாகத் தெரியும். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: ‘கெமிக்கல் இல்லாத உணவு’ எங்கே கிடைக்கும்?
— இயற்கை விரும்பி

பதில்: வெறும் தட்டில்கூடக் கிடைக்காது. தட்டும் கெமிக்கல்தான்.

கேள்வி: 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் கலந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பாலை ஆய்வகங்கள் சோதித்துத்தானே விட்டிருப்பார்கள்? பிளாஸ்டிக் தட்டு செய்யும் பொருளுக்கும் புரதத்துக்கும் வித்தியாசம் தெரியாத சோதனை என்ன சோதனை?
— கோபத்தோடு ஒரு தகப்பன்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அதில் ஒரு பங்கு எனக்கும் சேரும்.

டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பாலையின் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் 1883-ல் ஒரு முறையை வெளியிட்டார். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி அளப்பது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. சர்க்கரையிலும் கொழுப்பிலும் கிடையாது. ஆகவே நைட்ரஜனை அளந்து, பாலாக இருந்தால் 6.38-ஆல் பெருக்கினால் புரதம். நூறு வருடத்துக்கு மேலாக உலகமே இதை நம்பியது, பால் விலையையே இதை வைத்து நிர்ணயித்தது.

மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் கணக்கில் ஒரு கிராம் மெலமின் நாலேகால் கிராம் ‘புரதம்’ ஆகிவிடும். ஒரு லிட்டர் பாலில் சுமார் 30 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி அதை 20 ஆக்கிவிட்டால், காணாமல் போன பத்து கிராமைக் காகிதத்தில் திரும்பக் கொண்டுவர இரண்டரை கிராம் மெலமின் போதும். நிறம் இல்லை, பாலில் கரைந்தும் விடும்.

குழந்தையின் சிறுநீரில் அது யூரிக் அமிலத்தோடு சேர்ந்து கல்லாகும். கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. இதில் என்னை இன்னமும் உறுத்துவது என்ன தெரியுமா? அதற்கு முந்தைய வருடம், 2007-லேயே, வட அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் இதே மெலமின் சிக்கி, ஏராளமான பிராணிகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. தந்திரம் அப்போதே அம்பலமாகியிருந்தது. பால் பக்கம் யாரும் அதே கேள்வியைக் கேட்கவில்லை.

செய்தி வந்த அன்று நான் அமில அறையில் கெல்டால் குடுவைகளுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வெண்புகை நெடி புடவையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. அது வரை நான் கையெழுத்திட்ட ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகளில் “புரதம்” என்றுதான் எழுதியிருந்தேன். அளந்தது நைட்ரஜன். எழுதியது புரதம். நடுவில் இருந்தது ஒரு பெருக்கலும் ஒரு நம்பிக்கையும்.

அதன் பிறகு திரவ குரோமட்டோகிராபியில் பிரித்து, மூலக்கூறுகளை எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மெலமினைப் பெயர் சொல்லித் தேடுகிறோம். குழந்தைகளுக்கான பால் பவுடரில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2010-ல் எல்லை வகுத்தது. இப்போது மெலமின் கலக்க யாரும் துணியமாட்டார்கள். நைட்ரஜன் உள்ள வேறு பொருள்கள் உண்டா என்று கேட்டால், உண்டு.

கேள்வி: நான் அனுப்பிய காய்கறிக்கு வந்த ரிப்போர்ட்டில் பூச்சிமருந்து “கண்டறியப்படவில்லை” என்று இருக்கிறது. அறவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
— விவசாயி ஒருவர்

பதில்: வேண்டாம் ஐயா. இந்தக் கருவியால் எட்டக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் பொருள். அந்த அளவு என்ன என்று ரிப்போர்ட்டில் தேடுங்கள். ‘கண்டறியும் எல்லை’ என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்தைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. தனி எல்லை வகுக்கப்படாத பூச்சிமருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக அனுமதிப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 0.1 வரைதான் எட்டும் ஒரு கருவி “கண்டறியப்படவில்லை” என்று சொன்னால் அதற்கு என்ன மரியாதை?

0.01 மில்லிகிராம் என்பது 10 பிபிபி. ஒரு பிபிபி என்றால் நூறு கோடியில் ஒன்று. நூறு கோடி நொடி எவ்வளவு தெரியுமா? 31 வருடமும் எட்டு மாதமும். என் மொத்த வேலைக் காலத்தில் ஒரு நொடியைத் தேடிப் பிடிப்பது போல.

இன்னொன்றும் கேளுங்கள்: “எந்தெந்த மருந்தைத் தேடினீர்கள்?” 2003-ல் அனாஸ்டாசியாடஸ், லெஹோட்டே குழுவினர் வெளியிட்ட க்வெச்சர்ஸ் என்ற முறை வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. காய்கறியை அரைத்து, அசிட்டோநைட்ரைல் விட்டு, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் போட்டுக் குலுக்கி, சென்ட்ரிபியூஜில் சுற்றினால் ஒரே குழாயில் நூற்றுக்கணக்கான மருந்துகள் வந்து நிற்கும். ஆனால் கிளைபோசேட் மாதிரி தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் களைக்கொல்லி அந்தக் குலுக்கலில் அசிட்டோநைட்ரைலுக்கு வராது. அதற்குத் தனிச் சோதனை, தனிக் கட்டணம். “500 மருந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை” என்ற ரிப்போர்ட்டில் நீங்கள் அடித்த 501-வது இல்லாமல் போகலாம். என்ன அடித்தீர்கள் என்பதை மாதிரியோடு எழுதி அனுப்புங்கள். ஆய்வகத்திடம் மறைத்து என்ன லாபம்?

கேள்வி: ஒரே லாட் நிலக்கடலையை இரண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அஃப்லடாக்சின் நஞ்சு ஒன்றில் 3 பிபிபி, இன்னொன்றில் 38. யார் பொய் சொல்கிறார்கள்?
— வியாபாரி

பதில்: அநேகமாக இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். பொய் சொன்னது உங்கள் கை.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. நோய்க்குப் பெயர்கூட வைக்க முடியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். கடைசியில் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில், ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை விட்டுச் சென்ற நஞ்சு பிடிபட்டது. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் அஃப்லடாக்சின். புற ஊதா வெளிச்சத்தில் ஒரு வகை நீலமாக ஒளிரும், ஒரு வகை பச்சையாக. பி1, ஜி1 என்ற பெயர்களில் உள்ள எழுத்துகள் அந்த ஆங்கில நிறப் பெயர்களின் முதலெழுத்துகளே. வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பூஞ்சை எல்லாப் பருப்பிலும் சமமாக உட்காராது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் கொட்டிக் கிடக்கும். அரை கிராம் எடையுள்ள ஒரே பருப்பில், கிலோவுக்கு 1 லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்தில் நஞ்சு இருப்பதாக வையுங்கள். அதற்குள் 50 மைக்ரோகிராம் இருக்கும். அந்த ஒரு பருப்பு 5 கிலோ மாதிரிக்குள் விழுந்தால் மொத்தமும் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் (10 பிபிபி) என்று காட்டும். ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு எல்லை 4. விழாவிட்டால் பூஜ்யம். ஆகவே ஒரு பிடி அள்ளி உறையில் போட்டு அனுப்பினால், நீங்கள் சோதித்தது லாட்டை அல்ல, உங்கள் ஜாதகத்தை. பெரிய லாட் என்றால் நூறு இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, 20 கிலோ சேர்த்து, நன்றாக அரைத்துக் கலந்து, பிறகுதான் ஆய்வுக்குப் பங்கு பிரிப்பார்கள்.

சரி, ஒரே மாவை இரு ஆய்வகத்துக்குக் கொடுத்தால் ஒரே எண் வருமா? அதுவும் வராது. வில்லியம் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்கர் ஆயிரக்கணக்கான ஆய்வக முடிவுகளை அடுக்கிப் பார்த்து 1980-ல் ஒரு விதி கண்டார்: தேடும் பொருள் நூறு மடங்கு குறையும்போது ஆய்வகங்களுக்கிடையிலான சிதறல் இரண்டு மடங்காகும். பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒன்று) அளவில் 16 சதவீதம். பிபிபி அளவில் 45 சதவீதம். வரைந்தால் எக்காளம் மாதிரி வாய் விரியும். இன்றைய கருவிகளுக்கு 22 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் இறுக்கினார்கள். 3-க்கும் 38-க்கும் இடையிலான பள்ளத்தை எந்தக் கணக்காலும் மூட முடியாது. மாதிரியைத் திரும்ப எடுங்கள். நீங்களே எடுக்காதீர்கள், கெட்டுப்போன பருப்பை ஒதுக்கச் சொல்லி வியாபாரியின் விரலுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: அரிசியில் ஆர்சனிக் இருக்கிறது என்று பயந்து மீனுக்கு மாறினேன். இப்போது மீனில் அதைவிடப் பல மடங்கு ஆர்சனிக் என்று படிக்கிறேன். இனி எதைச் சாப்பிட?
— பயந்த வாசகர்

பதில்: மீனைச் சாப்பிடுங்கள், அரிசியையும் சாப்பிடுங்கள். ஆர்சனிக் என்பது ஒரு ஆள் அல்ல, ஒரு குடும்பம். அதில் கனிம ஆர்சனிக் ரவுடி: புற்றுநோய் வரை கொண்டுபோகும். கடல் மீனிலும் இறாலிலும் பெரும்பகுதி ஆர்சனோபீட்டெய்ன் என்ற சாது. வந்த வழியே சிறுநீரில் போய்விடும். மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளந்தால் இருவரும் ஒரே கூண்டில் நிற்பார்கள். தேங்கிய நீரில் வளர்வதால் நெல் கனிம ஆர்சனிக்கை உறிஞ்சும். தீட்டிய அரிசிக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்சனிக் என்பது கோடெக்ஸ் எல்லை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடும். கடல் தாவரம் எல்லாம் சாது என்றும் நினைக்கவேண்டாம்; ஹிஜிகி என்ற கடற்பாசியில் கனிம வகை அதிகம். அதைத் தவிர்க்கச் சொல்லி பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004-லேயே அறிவுறுத்தியது.

இதில் எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஐசிபி-எம்எஸ் என்ற கருவி வந்த புதிது. ஆர்கான் வாயுவைச் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான பிளாஸ்மாவாக்கி, அதற்குள் மாதிரியைத் தெளித்து, அணுக்களை எடை வாரியாக எண்ணும். உப்பு போட்டுப் பதப்படுத்திய ஒரு மாதிரியில் ஆர்சனிக் எகிறிக் குதித்தது. நான் குதித்தது அதைவிட உயரம். தடை உத்தரவே போட வைக்கலாம் என்று ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைமை ஆய்வாளர் கேட்டது வழக்கம்போல அதேதான்: “நீ கேட்டது என்ன?” “ஆர்சனிக் சார்.” “இல்லை. எடை 75 உள்ளது எத்தனை என்று கேட்டாய். உப்பில் குளோரின் இருக்கிறது, அதன் எடை 35. பிளாஸ்மாவில் ஆர்கான் இருக்கிறது, 40. கூட்டு.”

கூட்டினேன். 75. ஆர்சனிக்கின் எடையும் 75.

மாதிரியில் ஆர்சனிக் இருந்தது, சொல்லும்படியாக இல்லை. கருவிக்குள்ளேயே உப்பும் ஆர்கானும் கைகோத்துக்கொண்டு ஆர்சனிக் வேஷம் போட்டிருந்தன. இன்றைய கருவிகளில் ஹீலியம் நிரப்பிய ஒரு மோதல் அறை வைத்து இந்த ஜோடிகளை வடிகட்டிவிடுகிறார்கள். அன்று அது கிடையாது. அந்த ரிப்போர்ட் வெளியே போயிருந்தால் ஒருவருடைய பிழைப்பு போயிருக்கும்.

கேள்வி: 2013-ல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று குதிரை இறைச்சியை விற்றார்களே, இவ்வளவு கருவி இருந்தும் எப்படி?

பதில்: கொழுப்பு சரியாக இருந்தது, புரதம் சரியாக இருந்தது, கிருமி இல்லை. யார் இறைச்சி என்று யாரும் கேட்கவில்லை. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்டது: 27 பர்கர் வகைகளை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியதில் 10-ல் குதிரை, 23-ல் பன்றி.

கேள்வி: பட்டைப் பொடியில் ஈயம் எப்படி வரும்? மண்ணிலிருந்தா?
— சமையல் ஆர்வலர்

பதில்: மண்ணிலிருந்து கொஞ்சம் வரும், ஒன்றிரண்டு பிபிஎம். 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகள் உறிஞ்சிச் சாப்பிடும் ஆப்பிள் கூழ் பைகளில் சேர்த்திருந்த பட்டையில் கிடைத்தது 2,000 பிபிஎம்முக்கு மேல். அது மண் அல்ல, மனிதன். கூடவே குரோமியமும் இருந்தது. லெட் குரோமேட் என்ற பளிச்சென்ற நிறமியில் ஓர் ஈய அணுவுக்கு ஒரு குரோமிய அணு. எடையில் பார்த்தால் ஈயம் குரோமியத்தைப்போல நாலு மடங்கு. இரண்டு உலோகமும் அந்த விகிதத்தை ஒட்டி ஜோடியாக வந்தால் நிறத்துக்காகவோ எடைக்காகவோ யாரோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகத்தை அறியும், துப்பாக்கி மாதிரிக் கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியை மூட்டை மேல் வைத்தால் இந்த அளவு ஈயம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் இது முதலில் பிடிபட்டது எந்த உணவு ஆய்வகத்திலும் அல்ல, குழந்தைகளின் ரத்தப் பரிசோதனையில். ஈயம் ஏன் கூடியிருக்கிறது என்று வீடு வீடாகத் தேடிப்போய்த்தான் அந்தப் பைகளைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் தொழிலுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை.

கேள்வி: நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆன்ட்டி என்று கூப்பிடலாமா? எந்தக் கருவியைக் கற்றுக்கொண்டால் உணவு ஆய்வகத்தில் வேலை கிடைக்கும்?

பதில்: தாராளமாகக் கூப்பிடு. கருவி ஐந்து வருடத்தில் மாறிவிடும். தராசும் பிப்பெட்டும் மாறாது. அதோடு பிளாங்க் ஓட்டப் பழகு. மாதிரி இல்லாமல், மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து பார்ப்பதுதான் பிளாங்க். எங்களிடம் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்த மாதம், எண்ணெய், சாறு, தண்ணீர் என்று எதை ஓட்டினாலும் கருவியின் வரைபடத்தில் தாலேட் பீக் (முகடு) வந்தது. பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள் அது. நாடே விஷமாகிவிட்டது என்ற முகத்தோடு வந்தான். “பிளாங்க் எங்கே?” என்றேன். ஓட்டவில்லை. ஓட்டினால் அதிலும் அதே பீக், அதே உயரம். கரைப்பானை ஊற்ற வைத்திருந்த வளையும் பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு வாரமாக அளந்துகொண்டிருந்தது எங்கள் குழாயைத்தான். இப்போது அவன்தான் அங்கே தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. கண்ணாடிக் குடுவையைத் தவிர வேறு எதையும் தொடவிடமாட்டானாம்.

கேள்வி: திருடனுக்கு இந்த ஐசோடோப் கணக்கெல்லாம் தெரியவா போகிறது?
— சந்தேகப் பிரியர்

பதில்: நன்றாகத் தெரியும். வனிலாவைக் கேளுங்கள். வனிலா ஆர்க்கிட் செடி மேலே சொன்ன இரு கட்சியிலும் சேராத மூன்றாவது ரகம். அதன் மணப்பொருளான வனிலின் மைனஸ் 20-ஐ ஒட்டி நிற்கும். மரக்கூழிலிருந்தோ பெட்ரோலியத்திலிருந்தோ செய்த வனிலின் மைனஸ் 27-க்கும் கீழே. விலையோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இந்தச் சோதனை வந்ததும் கலப்படக்காரர்கள் என்ன செய்தார்கள்? கார்பன்-13 செறிவூட்டிய வனிலினைத் துளியளவு மட்டும் வாங்கி, செயற்கை வனிலினில் கலந்து, எண்ணைச் சரியாக மைனஸ் 20-க்கு ஏற்றிவிட்டார்கள்.

பதிலுக்கு வேதியியலாளர்கள் மூலக்கூறை உடைத்தார்கள். கனமான கார்பனைப் பெரும்பாலும் மூலக்கூறின் ஒரே மூலையில், மீதைல் தொகுதியில்தான் திணித்திருந்தார்கள். அதை மட்டும் வெட்டி எடுத்து அளந்தால், செடியால் செய்யவே முடியாத எண் வந்தது. பிரான்ஸில் நான்ட் நகரத்தில் ஜெரார் மார்ட்டின் குழுவினர் 1980-களில் இன்னும் ஒரு படி போய், என்எம்ஆர் கொண்டு மூலக்கூறின் எந்த இடத்தில் எவ்வளவு கன ஹைட்ரஜன் என்று தனித்தனியாக எண்ணினார்கள். அவர்கள் முதலில் குறிவைத்தது வனிலாவை அல்ல, பீட்ரூட் சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த ஒயினை. தேனில் நம்மை ஏமாற்றிய அதே பீட்ரூட்தான்.

திருத்தம்: பாலில் அஃப்லடாக்சின் எம்1-க்கு ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்று சென்ற இதழில் வந்துவிட்டது. 0.05 மைக்ரோகிராம் என்பதே சரி. ஆயிரம் மடங்கு பிழை. அச்சுப்பிழை என்று ஆசிரியர் பெருந்தன்மையோடு சொன்னார். என் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன், நான்தான் அப்படி எழுதியிருக்கிறேன். சுட்டிக்காட்டி அட்டை போட்ட பால் பண்ணை வாசகருக்கு நன்றி.